அந்தப் பெண் தன் குரலைக் கேட்டபோது

கேட்பவர்கள் – 14

போன வாரம் வானொலிப் பேட்டியாளர் ஸ்டட்ஸ் டெர்கெலை சிகாகோவில், டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலி நிலையத்து வாசலில் விட்டுவிட்டு வந்தோம். 1952இல் உள்ளே போனவர் 1997 வரை அங்கேயேதான் இருந்தார் என்பதுவரை சொல்லியாயிற்று. பாடகி மஹாலியா ஜாக்ஸன் வீட்டில் வைத்து மார்ட்டின் லூதர் கிங்கை அவர் எடுத்த பேட்டியை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் டெர்கெல் கிழவராகும்வரை மேடைக்கு மேடை சொல்லிவந்த ஒரு சம்பவம் குறுக்கே வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் கிங்கிடம் போக எனக்கு மனம் வரவில்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. பாந்தியன் பதிப்பகத்தின் ஆந்த்ரே ஷிஃப்ரின் அப்போதுதான் ஒரு சீனக் கிராமத்தைப் பற்றிய புத்தகத்தை அமெரிக்காவில் வெளியிட்டிருந்தார். யான் மிர்டால் என்ற ஸ்வீடன்காரர் அந்தக் கிராமத்து மக்களைப் பேசவிட்டு எழுதியது. அதேபோல ஓர் அமெரிக்க ஊரை எழுதுங்கள், சிகாகோவையே எழுதுங்கள் என்று ஷிஃப்ரின் டெர்கெலிடம் கேட்டார். ஐம்பதைத் தாண்டிய வயதில் டெர்கெல் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவருக்கு கார் ஓட்டத் தெரியாது, கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. பஸ்ஸில் போவார், இல்லாவிட்டால் யாராவது கொண்டுபோய் விடுவார்கள்.

அப்படிப் போன இடங்களில் ஒன்று அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பு. அங்கே ஓர் இளம் தாய். ஒல்லியான உடம்பு, அழகான முகம், கவனிப்பில்லாமல் கெட்டுப்போன பற்கள். கறுப்பினப் பெண்ணா வெள்ளைக்காரப் பெண்ணா என்பது பின்னாளில் தனக்கே நினைவில்லை என்று டெர்கெல் சொல்வார். அதுவரை அவளிடம் யாரும் மைக் நீட்டியதில்லை. அவள் பேசினாள், இவர் பதிவு செய்தார். முடிந்ததும் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், அம்மா குரலைப் போடு, போடு என்று கத்தின. டெர்கெல் நாடாவைப் பின்னால் ஓட்டி பொத்தானை அழுத்தினார். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். அவளோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும், நான் இப்படியெல்லாம் நினைக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாதே என்றாள்.

இவ்வளவுதான் சம்பவம். அந்தப் பெண்ணின் பெயரை டெர்கெல் சொன்னதில்லை. அவளைத் தேடிப் பிடித்துப் பிரபலமாக்கவும் இல்லை. ஆனால் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை அவர் வீட்டுக்கே போய்ப் பேட்டி கண்ட மனிதர், 1985இல் புலிட்ஸர் பரிசு வாங்கிய மனிதர், தன் தொழிலைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் எடுத்துச் சொன்னது இந்தப் பெண்ணைத்தான்.

எனக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகப் படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். சிந்தனை, பண்பாடு, சமூகம் என்று பெயர் வைத்து நடக்கும் வானொலிப் பேட்டிகளில் வழக்கமாக என்ன நடக்கிறது? புத்தகம் எழுதியவர் வருகிறார். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே யோசித்து முடித்துவிட்டு வருகிறார். பேட்டி காண்பவர் அதை வரிசையாக எடுத்துக்கொடுக்கிறார். அதில் தவறேதும் இல்லை, அப்படிப்பட்ட நல்ல பேட்டிகளும் உண்டு. ஆனால் அந்தக் குடியிருப்பில் நடந்தது வேறு. ஒருத்தி பேசப் பேச அவளுடைய எண்ணம் உருவாகிறது. கேட்க ஆள் இருந்ததால் மட்டுமே உருவாகிறது. அவள் வாழ்க்கையில் அதற்கு முன்னால் யாராவது ஒரு மணிநேரம் குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேட்டிருந்தால் அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. சமூகம் என்று நாம் பேசுகிற விஷயத்தில் பாதி இந்தக் கேட்காமைதான் என்று நான் நினைக்கிறேன். டெர்கெல் சிகாகோவில் பதிவு செய்த உரையாடல்களெல்லாம் சேர்ந்து 1967இல் ‘டிவிஷன் ஸ்ட்ரீட்: அமெரிக்கா’ என்ற புத்தகமானது. அதற்குப் பிறகுதான் பொருளாதார மந்தக் காலத்தைப் பற்றிய ‘ஹார்ட் டைம்ஸ்’, உழைப்பைப் பற்றிய ‘வொர்க்கிங்’ எல்லாம் வந்தன.

ரெக்கார்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெர்கெல் தூக்கித் திரிந்தது ஊஹர் என்ற ஜெர்மன் கருவி. தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், ஆனால் கனம் உண்டு. வாழ்நாளெல்லாம் நாடாவோடு புழங்கியவருக்கு இயந்திரம் மட்டும் கடைசிவரை பிடிபடவே இல்லை. தவறான பொத்தானை அழுத்தி நடனமணி மார்த்தா கிரஹாமின் பேட்டியை அழித்திருக்கிறார். நடிகர் மைக்கேல் ரெட்கிரேவின் பேட்டியும் அப்படித்தான் போனது. ரஸ்ஸல் பேட்டியும் போக வேண்டியது, மயிரிழையில் தப்பியது.

ஆனால் அந்தக் கைவராமையால் அவருக்கு ஒரு லாபம் இருந்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் தொழிலாளி பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று, ஐயா, இது சுற்றவில்லையே என்பார். டெர்கெல் பதறுவார். இருவரும் சேர்ந்து குனிந்து நாடாவைச் சரிசெய்வார்கள். ரேடியோக்காரர் வந்திருக்கிறார் என்று விறைப்பாக உட்கார்ந்திருந்தவர், அந்த நிமிடத்தில் உதவி செய்கிற ஆளாகிவிடுவார். அதற்கப்புறம் பேச்சு தானாக வரும். இதை டெர்கெல் திட்டமிட்டுச் செய்யவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. அது நடிப்பாக இருந்திருந்தால் அந்த மனிதர்கள் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. ஏமாற்றுகிறவனை அடையாளம் காணும் பழக்கம் அவர்களுக்கு நம்மைவிட அதிகம்.

இதைப் படித்துவிட்டு, பேட்டிக்குத் தயாரிப்பே வேண்டாம் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நிலையத்துக்கு எழுத்தாளர் யாராவது வந்தால், டெர்கெல் கையிலிருக்கும் அவருடைய புத்தகத்தைப் பார்த்து அந்த எழுத்தாளரே அசந்துபோவார். பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு, ஓரமெல்லாம் கிறுக்கல், மடித்த பக்க முனைகள். விமர்சகர்களில் பலர் அட்டையைத் தாண்டாத காலத்தில் ஒருவர் தன் புத்தகத்தை இப்படிப் படித்திருக்கிறார் என்று தெரிந்தால் எந்த எழுத்தாளர் வாய்திறக்க மாட்டார்?

1961இல் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் வந்த நிகழ்ச்சியைப் பாருங்கள். டெர்கெல் கேள்வியோடு தொடங்கவில்லை. பெஸ்ஸி ஸ்மித் வெள்ளத்தைப் பற்றிப் பாடிய பழைய ப்ளூஸ் இசைத்தட்டு ஒன்றை ஓடவிட்டார். பாட்டு முடிந்த பிறகே பேச்சு. பால்ட்வினுக்கு அந்தக் குரலோடு ஒரு கதை இருந்தது. பாரிஸில் எழுத முடியாமல் தவித்தவர், தட்டச்சு இயந்திரத்தையும் பெஸ்ஸி ஸ்மித் இசைத்தட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஸ்விட்ஸர்லாந்தின் மலைக்கிராமம் ஒன்றுக்குப் போனார். அமெரிக்காவில் இருந்தவரை பெஸ்ஸி ஸ்மித்தைக் கேட்கவே அவருக்குக் கூச்சமாக இருந்ததாம். கறுப்பர்களைப் பற்றிய ஏளனத்துக்குத் தானே சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்ற பயம். பனி சூழ்ந்த அந்த வெள்ளைக்காரக் கிராமத்தில் அவளைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் தன் வீட்டுப் பேச்சின் ஓசை மீண்டும் காதில் ஏறியது. 1953இல் வெளிவந்த முதல் நாவலை அங்கேதான் முடித்தார். இதையெல்லாம் அவர் சொன்னது ஓர் இசைத்தட்டு சுழன்றதால். எந்தத் தட்டைப் போடுவது என்று தெரிவதற்கு எவ்வளவு படித்திருக்க வேண்டும், எவ்வளவு கேட்டிருக்க வேண்டும்!

குடியிருப்புத் தாய்க்கு அவளுடைய குரலையே திருப்பிக் கொடுத்தார். பால்ட்வினுக்கு அவருக்கு வீடு காட்டிய குரலைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டுக்கும் இடையே மரியாதையில் ஓர் இம்மி வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

கிங்கிடம் போவதற்கு முன்னால் மஹாலியாவைப் பற்றி ஒன்று. டெர்கெல் நாற்பதுகளிலேயே அவருடைய பாட்டைத் தன் நிகழ்ச்சியில் ஒலிபரப்பியவர். அன்றைக்கு மஹாலியாவைக் கறுப்பினத் தேவாலயங்களுக்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. 1954இல் சி.பி.எஸ். மஹாலியாவுக்கென்றே ஒரு வானொலி நிகழ்ச்சி கொடுத்தது. டெர்கெல் அதன் எழுத்தாளர், தொகுப்பாளர். கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களையெல்லாம் வேட்டையாடிய மெக்கார்த்தி காலம் அது. நிறவெறிச் சட்டங்களுக்கு எதிரான மனுக்களில் கையெழுத்துப் போட்டார் என்பதற்காகவே டெர்கெலின் தொலைக்காட்சித் தொடர் அதற்குச் சில வருடம் முன்பு நின்றுபோயிருந்தது. ஒத்திகையின்போது நிறுவனத்தின் ஆள் ஒருவர் காகிதம் ஒன்றோடு வந்து நின்றார். விசுவாச உறுதிமொழி, கையெழுத்துப் போடு என்றார். டெர்கெல் மறுத்தார். பேச்சு வளர்ந்தது. மஹாலியா வந்தார், என்ன காகிதம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஸ்டட்ஸை நீக்குவதானால் உங்கள் முதலாளியை இன்னொரு மஹாலியாவைத் தேடிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். வந்தவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நிகழ்ச்சி நடந்தது, டெர்கெலும் இருந்தார்.

படித்த பெரிய மனிதர்கள் பலர் வாய்மூடி இருந்த வருடங்களில் ஒரு பாடகி இரண்டு வாக்கியத்தில் இதை முடித்தார். கிங், மஹாலியா வீட்டில் அவ்வளவு மனம்விட்டுப் பேசியதற்கு இந்த நட்பின் பின்னணி முக்கியம் என்பதால்தான் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

பக்கம் தீர்ந்துவிட்டது. 1964இல் அந்த வீட்டில் எடுத்த பேட்டி அடுத்த வாரம். அதற்கு முந்தைய வருடம், வாஷிங்டன் பேரணிக்காக சிகாகோவிலிருந்து கிளம்பிய ரயிலில் டெர்கெலும் ரெக்கார்டரோடு ஏறினார். பெட்டியில் இருந்தவர்களுக்கு ஆளாளுக்கு ஒரு கதை. அந்தப் பயணத்தையும் சேர்த்தே எழுதப் பார்க்கிறேன். அந்த ஒலிப்பதிவை ஓடவிட்டுத்தான் இந்த வாரம் முழுக்க இருக்கப் போகிறேன்.

(தொடரும்)