உப்பு டப்பாவுக்கு வெளியில இருக்கிற உப்பு

ஒரு குழந்தையோட சாப்பாட்டுல உப்பைக் குறைக்கிறது எப்படிங்கிறதுதான் இன்னைக்கு விஷயம். நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுறவன். குன்னூர் பக்கம் டீ எஸ்டேட்ல இருக்கிற எங்க அக்காவோட பையனுக்கு 6 வயசு. அவனுக்கு நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம். வீக்கம் வடியுற வரைக்கும் உப்பைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. "எதுல குறைக்கிறதுடா?"ன்னு அக்கா கேட்டாங்க. அதுக்காகத் தேடிப் படிச்சதைத்தான் சொல்றேன்.

முதல்ல, ஏன் உப்பு? இந்த நோய்ல சிறுநீரகத்தோட வடிகட்டி வழியா புரதம் ஒழுகும். கூடவே சிறுநீரகம் சோடியத்தை வெளிய விடாம தேக்கும். சோடியம் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். ஆஸ்பத்திரியில ஏத்துற சலைன் பாட்டிலை நினைச்சுக்கோங்க. ஒரு லிட்டர்ல 9 கிராம் உப்பு இருக்கும். உடம்புல தேங்குற உப்பும் ஏறக்குறைய இதே கணக்குலதான் தண்ணியைத் தேக்குது. அதாவது 3 கிராம் உப்பு தேங்குனா, சுமார் 300 மில்லி தண்ணி. காலையில கண்ணு வீங்குறது, கால் வீங்குறது எல்லாம் இந்தத் தண்ணிதான். தினமும் காலையில எடை பார்க்கச் சொல்றதும் இதுக்குத்தான்.

அடுத்தது எண்கள். உப்புல ஏறக்குறைய 40 சதவீதம் சோடியம். 1 கிராம் உப்புன்னா சுமார் 400 மில்லிகிராம். பெரியவங்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்பு போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குழந்தைகளுக்கு அதுலயும் குறைக்கணும். பிரிட்டன்ல 4 முதல் 6 வயசு வரைக்கும் உச்ச அளவு 3 கிராம். இது நல்லா இருக்கிற குழந்தைக்கான கணக்கு. வீக்கம் இருக்கிற குழந்தைக்கு எத்தனை கிராம்னு டாக்டர்கிட்டயே கேட்டு, சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க. 'கம்மியா போடுங்க'ங்கிறதை வச்சு யாராலயும் சமைக்க முடியாது.

இப்போ பாக்கெட்டுகளுக்கு வருவோம். பின்னாடி சோடியம் பக்கத்துல ஒரு சதவீதம் போட்டிருக்கும். அது ஒரு பெரியவரோட 2,000 மில்லிகிராமை வச்சுப் போட்ட கணக்கு. உங்க குழந்தையோட அளவு 800 மில்லிகிராம்னு வச்சுக்கோங்க. பாக்கெட்ல 20 சதவீதம்னு இருந்தா அது 400 மில்லிகிராம், குழந்தையோட ஒரு நாள் கணக்குல பாதி. அதனால சதவீதத்தை விட்டுட்டு மில்லிகிராமை மட்டும் பாருங்க. அது 100 கிராமுக்கா, ஒரு தடவை சாப்பிடுற அளவுக்கான்னும் பாருங்க.

உப்பு கரிக்கிறதுல மட்டும்தான் சோடியம் இருக்குன்னு இல்ல. மலையில டீன்னா கூடவே வர்க்கி, பன், பிஸ்கட். ஒரு ஸ்லைஸ் பிரெட்லயே 100 முதல் 150 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கும். சமையல் சோடாவும் சோடியம்தான். அப்பளம், ஊறுகாய், கருவாடு, நூடுல்ஸ் மசாலா பத்திச் சொல்லவே வேணாம்.

மாத்து உப்புக்கு வருவோம். இந்துப்பு நல்லதுன்னு நிறைய பேர் சொல்வாங்க. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கடையில கிடைக்கிற 'லோ சோடியம்' உப்பு இன்னும் கவனிக்க வேண்டியது. அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் கொஞ்சம் சேர்த்திருப்பாங்க. சிறுநீரகம் சரியா வேலை செய்யலைன்னா பொட்டாசியம் ரத்தத்துல ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். 2025 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம் இந்த உப்பைப் பத்தி வெளியிட்ட பரிந்துரை பெரியவங்களுக்குத்தான். குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க அதுல சேர மாட்டாங்க. டாக்டரைக் கேட்காம அதை வாங்காதீங்க. போடுற கொஞ்ச உப்பு சாதாரண அயோடின் உப்பாவே இருக்கட்டும்.

பெரிய சிக்கல், குழந்தை ஒரே கையில சாப்பிடுறதில்ல. அக்கா காலையில கொழுந்து பறிக்கப் போயிடுவாங்க. வீட்டுல அம்மா ஊட்டுவாங்க. அரசுப் பள்ளியில காலை உணவும் மதிய உணவும் உண்டு. சாயங்காலம் லைன்ல எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டுல ஏதாவது வரும். ஒவ்வொருத்தரும் 'கொஞ்சம்தானே'ன்னு கொடுத்தா கூட்டுத்தொகை யாருக்கும் தெரியாது.

அதனால நாங்க பண்ணது இதுதான். டாக்டர் சொன்ன அளவுல, பாக்கெட் சாப்பாட்டுக்கும் பாலுக்கும் காய்க்கும் ஒரு பங்கைக் கழிச்சுட்டு, மீதி உப்பைக் காலையில ஒரு குட்டி டப்பாவுல போட்டு வைக்கிறது. ஒரு டீஸ்பூன் தலைதட்டுனா 5 முதல் 6 கிராம் வரும், அதனால கால் ஸ்பூன் வச்சுதான் அளக்கணும். குழம்பை உப்பில்லாம இறக்கி, பையனோட பங்கைத் தனியா எடுத்துட்டு, அப்புறம் மத்தவங்களுக்கு உப்பு. அவன் பங்குக்கு டப்பாவுல இருந்து மட்டும். டப்பா காலின்னா அன்னைக்கு அவ்வளவுதான். பள்ளிக்கு வீட்டுச் சோறு. அங்க கொடுக்கிற அவிச்ச முட்டைக்கு மேல உப்பு தூவாம கொடுக்கச் சொல்லி டீச்சர்கிட்ட பேசியாச்சு. எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, மல்லித்தழை எல்லாம் தாராளமா போடலாம்.

கடைசியா ஒண்ணு. ஸ்டீராய்டு மாத்திரை பசியைக் கிளப்பி விடும். பசிக்கிற குழந்தைக்கு உப்பில்லாத தட்டை நீட்டுனா அழும், சில நாள் சாப்பிடாமலே தள்ளி விடும். சாப்பிடாம இருக்கிறதும் ஆபத்துதான். அப்படி ஆனா அளவைக் கூட்டலாமான்னு டாக்டருக்குப் போன் போடுங்க. வீக்கம் வடிஞ்சு, சிறுநீர்ல புரதம் நின்னதும் இந்தக் கட்டுப்பாட்டை எப்போ தளர்த்தலாம்னும் அவங்ககிட்டயே கேளுங்க. 'எப்போ ஆரம்பிக்கணும்'னு கேட்கிற நாம, 'எப்போ நிறுத்தணும்'னு கேட்க மறந்துடுறோம்.