கால் முதலில் நனையட்டும்

அம்மா வழுக்கி விழுந்தது குளியலறையில்தான். இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மாத்திரைக்கு ஓர் அட்டவணை, நடைப்பயிற்சிக்கு ஒரு நேரம், சாப்பாட்டுக்கு ஒரு பட்டியல் என எல்லாம் தயாராக இருந்தன. எப்படிக் குளிக்க வைப்பது என்று மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை.

தையல் பிரித்து, ‘இனிக் குளிக்கலாம்’ என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கெட்டில் வெந்நீர் விளாவி, மக்கில் மொண்டு தோளில் ஊற்றினேன். தண்ணீர் விழுந்த ஒவ்வொரு தடவையும் அம்மாவின் இரண்டு கைகளும் நாற்காலியை இறுக்கிப் பிடித்தன. தலைக்கு ஊற்றியபோது மூக்கில் ஏறி இருமல் வந்துவிட்டது. “போதும்டி, துடைச்சு விட்டுடு” என்றார். முதுகில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

அடுத்த நாள் “சளி பிடிக்கிற மாதிரி இருக்கு” என்றார். அதற்கடுத்த நாள் “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார். விடியற்காலையில் குளிக்காமல் அடுப்பங்கரைக்குள் கால் வைக்காத மனுஷி. அவர் குளியலுக்குப் பயப்படுகிறார் என்பது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

தெரிந்த பிளம்பர் தம்பி வந்து பார்த்தார். சுவரில் இருந்த வால் மிக்சரில், இத்தனை வருடமாக மூடிபோட்டுக் கிடந்த ஒரு வாயைக் காட்டி, “இதுலயே டெலிபோன் ஷவர் மாட்டிடலாம்க்கா. சுவத்தை உடைக்கவே வேண்டாம்” என்றார். அரை மணி நேர வேலை. ஒன்றரை மீட்டர் ஹோஸ், உள்ளங்கை அகலத்தில் ஒரு ஷவர் தலை, அதைத் தொங்கவிட ஒரு கொக்கி. அவ்வளவுதான்.

அன்று தண்ணீரை முதலில் அம்மாவின் பாதத்தில் விட்டேன். “சூடு சரியாம்மா?” என்று கேட்டேன். “இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்” என்றார். கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று மெதுவாக ஏறினேன். இடுப்புக்கு வருவதற்குள் அவருடைய கைகள் நாற்காலியை விட்டுவிட்டு, முழங்காலைத் தாமே தேய்க்கத் தொடங்கியிருந்தன.

முதலில் நம்மை விட்டுப் போவது

1963-ல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் முதியவர்களின் அன்றாடச் செயல்களை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, எழுந்து இடம் மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு செயல்கள். உலகம் முழுவதும் முதியோர் மருத்துவத்தில் இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் குளியல் முதலில் நிற்பதற்குக் காரணம் உண்டு. உடம்பு தளரும்போது பெரும்பாலும் முதலில் பிறர் உதவி தேவைப்படுவது அதற்குத்தான். தானே எடுத்துச் சாப்பிடுகிற, தானே சேலை கட்டிக்கொள்கிற ஒருவருக்கும் குளிக்க ஆள் வேண்டியிருக்கலாம்.

யோசித்துப் பார்த்தால் குளியலில்தான் எத்தனை வேலை! ஈரத் தரையில் நிற்க வேண்டும், குனிய வேண்டும், முதுகுக்குக் கையைத் திருப்ப வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு நிலை தடுமாறாமல் இருக்க வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கீழே விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டுக் குளியலறைகளின் தரையோ நாள் முழுக்க ஈரம் காயாமல் கிடப்பது.

சுவரில் உயரத்தில் பதித்த ஷவர், நிற்கக் கூடியவருக்காக வைத்தது. பக்கெட்டும் மக்கும், குனிந்து மொள்ளக் கூடியவருக்கானவை. இரண்டும் முடியாதவருக்குத் தண்ணீர்தான் அவர் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். ஹேண்ட் ஷவர் செய்கிற வேலை அது.

பாட்டியின் உள்ளங்கை

இதை நம் பாட்டிமார் நன்றாகவே அறிந்திருந்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கால்களின் மேல் பச்சைக் குழந்தையைக் கிடத்தி, பக்கத்தில் விளாவிய வெந்நீரும் ஒரு சொம்புமாகக் குளிப்பாட்டுவார்கள். என் பாட்டி முதல் சொம்பைக் குழந்தையின் காலில்தான் விடுவார். தலைக்கு வரும்போது இடது உள்ளங்கையைக் குழந்தையின் நெற்றியில் அணைபோல வைத்துக்கொள்வார். தண்ணீர் கையில் பட்டுப் பின்பக்கமாக வழியுமே தவிர கண்ணுக்கும் மூக்குக்கும் போகாது. குழந்தை பாதியில் அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பிறந்த குழந்தையை 24 மணி நேரம் கழித்தே முதன்முதலாகக் குளிப்பாட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்குப் பிறகும் முதல் சில மாதங்களுக்குக் கையும் சொம்பும் போதும், ஷவர் வேண்டாம். தலை நின்று, தானாக உட்காரப் பழகிய குழந்தைக்கு ஹேண்ட் ஷவரைக் காட்டலாம். முதலில் தண்ணீரைத் திறக்காமலே கையில் கொடுத்து விளையாட விடுங்கள். பிறகு மெல்லத் திறந்து அதன் காலில் விடுங்கள். தலைக்கு வரும்போது பாட்டியின் உள்ளங்கை இங்கேயும் வேண்டும். முகத்தை நிமிர்த்தி, ஷவர் தலையை மண்டையை ஒட்டிப் பிடித்தால் தண்ணீர் சத்தமில்லாமல் பின்பக்கம் வழியும். தூரத்திலிருந்து அடிக்கும்போதுதான் துளிகள் சிதறிக் கண்ணில் தெறிக்கின்றன.

ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்குத் தலையில் விழும் தண்ணீரின் குத்தலும் சத்தமும் தாங்க முடியாத துன்பம். பிடிவாதம் என்று நினைத்து அடக்கப் பார்க்கிறோம். மூளை முடக்குவாதம் உள்ள சில குழந்தைகளுக்கோ திடீரென்று படும் குளிர்ந்த நீரில் தசைகள் இன்னும் விறைத்துக்கொள்ளும். இந்த இரு வகைப் பிள்ளைகளுக்கும் ஒரே மருந்து, எங்கே, எப்போது தண்ணீர் படப்போகிறது என்பதை முன்கூட்டியே தெரியப்படுத்துவது. “இப்போ கைக்கு வருது” என்று சொல்லிவிட்டுக் கைக்கு விட வேண்டும். கொஞ்ச நாளில் பிள்ளையே கையை நீட்டும்.

குளியலறையில் நடக்கும் சண்டை

மறதி நோய் கண்ட பெரியவர்களைக் குளிப்பாட்டுவது பல வீடுகளில் தினசரிப் போராட்டம். அடிப்பார்கள், கத்துவார்கள், கதவைப் பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் பிலிப் ஸ்லோன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் முதியோர் இல்லங்களில் இருந்த 73 மறதி நோயாளிகளிடம் இதை ஆராய்ந்து, 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒருவருக்கு ஷவர் குளியல் தரும்போதே அவருடைய விருப்பத்துக்கு ஏற்ப வேகத்தையும் சூட்டையும் மாற்றுவது, உடம்பைத் துண்டால் மூடிவைத்துக்கொண்டே கழுவுவது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது ஆகியவை ஒரு முறை. படுக்கையிலேயே வெதுவெதுப்பான ஈரத் துண்டுகளால் துடைத்தெடுப்பது இன்னொரு முறை. இரண்டிலும் முரட்டுத்தனமான எதிர்ப்பு பாதிக்கும் மேல் குறைந்தது.

துண்டால் மூடிக்கொண்டே குளிப்பாட்டுவதைப் படித்தபோது எனக்கு ஆற்றங்கரை நினைவு வந்தது. பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு குளித்த தலைமுறை அது. அப்படிப் பழகிய ஒரு பெண்மணியை, மகளே ஆனாலும் மருமகளே ஆனாலும், விளக்கு வெளிச்சத்தில் முழுக்கக் களைந்து உட்கார வைத்தால் அவர் கூசிப்போகாமல் என்ன செய்வார்? நாங்கள் அம்மாவுக்குப் பழைய பாவாடை ஒன்றைக் கட்டிவிட்டோம். ஹோஸ் இருப்பதால் துணியை விலக்காமலே உள்ளே தண்ணீரைக் கொண்டுபோக முடிந்தது. மக்கால் அது நடக்காது.

கடையில் கேட்க வேண்டியவை

பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். ஷவர் தலை அகலமாக, நிறையத் துளைகளோடு இருக்கட்டும். ஒரே அளவு தண்ணீர் அதிகத் துளைகளில் பிரியும்போது ஒவ்வொரு தாரையின் வேகமும் குறைந்து, தோலில் மென்மையாக விழும். மெலிந்த முதிய தோலுக்கு அதுதான் வேண்டும். 1968-ல் ஜெர்மனியின் ஹான்ஸ்குரோஹே நிறுவனம் தாரையை மாற்றிக்கொள்ளும் வசதியுடன் ‘செலக்டா’ என்ற ஹேண்ட் ஷவரைக் கொண்டுவந்தது. இப்போது மலிவான ரகங்களிலும் அந்த வசதி உண்டு.

வாங்குமுன் உங்கள் வீட்டுத் தண்ணீர் அழுத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். தனி வீட்டின் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். மிக அகலமான தலை அந்த அழுத்தத்தில் வெறுமனே சொட்டும்.

ஹோஸ் ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு அணுகல் விதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கான குளியலிடத்துக்குச் சொல்லும் குறைந்தபட்ச நீளமும் அதுதான். கைப்பிடி தடிமனாக, சோப்புக் கையிலும் வழுக்காததாக இருக்கட்டும். கொக்கியை உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் அடியுங்கள். கழிப்பறைக்கு அருகே தொங்கும் ஹெல்த் ஃபாசெட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் தாரை கூர்மையானது, சுத்தமும் கேள்விக்குரியது.

நிறுத்தும் பட்டன் உள்ளதாக வாங்கினால் தண்ணீர் மிச்சம். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டுகிற ஷவரை 5 நிமிடம் திறந்துவிட்டால் 40 லிட்டர், அதாவது இரண்டு பக்கெட். சோப்புத் தேய்க்கும்போது நிறுத்தினால் ஒரு பக்கெட்டுக்குள் முடித்துவிடலாம். ஆனால் பட்டனால் நிறுத்தி மறுபடி திறக்கும்போது, கீசரில் தங்கிச் சூடேறிய நீர் முதலில் வரக்கூடும். அதைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகே உடம்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

சூடு, பதம்

60 டிகிரி செல்சியஸ் நீர் 5 விநாடியில் பெரியவர்களின் தோலையே ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைக்கும் முதியவருக்கும் அதற்குக்கூட நேரம் ஆகாது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் காலில் உணர்வு மங்கியவருக்கும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் மரத்தவருக்கும் சுடுகிறது என்பதே தெரியாது. அவர்களுக்கு ‘கால் முதலில்’ என்ற முறை மட்டும் போதாது. உணர்வுள்ள கையில் முதலில் விட்டு, அவர் வாயால் ‘சரி’ என்று சொன்ன பிறகே காலுக்குப் போக வேண்டும்.

கீசரின் சூட்டைக் குறைத்து வையுங்கள். குளிர்ந்த நீரை முதலில் திறந்து, வெந்நீரைப் பிறகு சேருங்கள். மூடும்போது வெந்நீரை முதலில் மூடுங்கள். குழந்தைக்கு 37, 38 டிகிரி, அதாவது உடம்புச் சூடே போதும். உங்கள் முழங்கை பொறுத்தால் சரியான பதம். குளிப்பாட்டுகிறவரின் ஒரு விரல் எப்போதும் தாரையில் இருக்கட்டும். சூடு மாறினால் அது முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். குழந்தையை ஒரு நொடிகூடத் தனியே விட்டுவிட்டுத் துண்டு எடுக்கப் போகாதீர்கள்.

போர்வெல் தண்ணீர் உள்ள வீட்டில் சில மாதங்களிலேயே துளைகளில் உப்புப் படியும். பாதி அடைத்த துளையிலிருந்து வரும் தாரை கோணலாகி ஊசிபோலக் குத்தும். துளைகள் ரப்பராக இருந்தால் கட்டைவிரலால் தேய்த்தாலே உதிரும். இல்லையென்றால் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

சிறந்த ஷவரும் வழுக்கும் தரைக்குப் பரிகாரம் ஆகாது. அசையாத நாற்காலி, சொரசொரப்பான மிதியடி, சுவரில் திருகி இறுக்கிய கைப்பிடிக் கம்பி மூன்றும் உடன் இருக்க வேண்டும். துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடியாக நம்பாதீர்கள், அது ஆளின் பாரம் தாங்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களை எல்லோருக்கும் அணுகத் தக்கதாக்கச் சொல்கிறது. வீட்டுக் குளியலறைக்கு அப்படி யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். விழுந்த பிறகு செய்த இந்த வேலைகளை நாங்கள் விழுவதற்கு முன்பே செய்திருக்கலாம். சில நூறு ரூபாயிலேயே ஹேண்ட் ஷவர் கிடைக்கிறது. அம்மாவின் இடுப்பு எலும்புக்கு ஆன செலவை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

ஷவர் மாட்டிய மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. நான் கேட்காமலே, “இன்னைக்குத் தலைக்கு ஊத்திக்கணும்டி. எண்ணெய் வச்சு எத்தனை நாளாச்சு” என்றார் அம்மா. நல்லெண்ணெயைச் சூடாக்கி உச்சியில் வைத்து, அரை மணி ஊறவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்தேன். சீயக்காயைக் கரைத்துக்கொண்டு ஷவரை எடுக்கத் திரும்பினேன். கொக்கி காலியாக இருந்தது. பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு, ஷவரை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பாதத்தைத் தானே நனைத்துக்கொண்டிருந்தார்.

“நீ தேய்ச்சு விடு. தண்ணியை நான் விட்டுக்கறேன்.”