ஈடன் தோட்டத்தில் ஓர் ஆட்டம்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமைந்த தொழில் நகரம் ஒசூர். பெங்களூரு இதற்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இங்குள்ள ஆலைகளில் தமிழரோடு கன்னடரும் தெலுங்கரும் வடநாட்டாரும் ஒருங்கே உழைக்கின்றனர். அவருள் வங்கத்தினின்று வந்தோரும் உளர். வங்கத்தார் காற்பந்தாட்டத்தின்மேல் கொண்ட வேட்கை நாடறிந்தது. அவ்வேட்கையின் ஆழத்தை அறிய விரும்புவோர், 1977ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் கல்கத்தாவில் நடந்த ஆட்டத்தைப் பற்றி அறிதல் வேண்டும்.

அண்டை ஊர்க் கழகத்தோடு ஆடுதல் எளிது. வேறு கண்டத்துக் கழகத்தோடு ஆடுதல் அரிது. நெடும்பயணமும் பொருட்செலவும் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. எவ்வூரில் ஆடுவது என்பதே பெருவினா. சொந்த ஊரில் ஆடுவார்க்குத் தரையும் தட்பவெப்பமும் பழகியவை. சூழ்ந்திருந்து ஆரவாரிப்போரும் தம்மவரே. இதுபற்றியே, 1960இல் ஐரோப்பிய வாகையராகிய ரியல் மாட்ரிட் கழகமும் தென்னமெரிக்க வாகையராகிய உருகுவே நாட்டுப் பெனரோல் கழகமும் எதிர்ப்பட்டபோது, ஊருக்கு ஒன்றாக இரண்டு ஆட்டங்கள் வைத்தனர். மான்டிவிடியோவில் எவரும் கோல் அடித்திலர். மாட்ரிடிலோ ரியல் மாட்ரிட் 5–1 என வென்றது. ஊர்த்தரையின் வலிமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கல்கத்தாவில் நடந்தது கோப்பைக்குரிய போட்டியன்று, நட்பாட்டமே. ஆயினும் வந்தவர் எளியவரல்லர். நியூயார்க் காஸ்மாஸ் கழகம் முந்திய மாதம் 28ஆம் நாள்தான் வட அமெரிக்க லீக்கில் வாகை சூடியிருந்தது. 1958, 1962, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலகக் கோப்பை வென்ற பிரேசில் அணியில் இடம்பெற்ற பெலே அதில் ஆடினார். 1970இல் அப்பிரேசில் அணிக்குத் தலைமை தாங்கிய கார்லோஸ் ஆல்பெர்ட்டோவும், இத்தாலியராகிய கினாலியாவும் உடனிருந்தனர்.

எதிர்நின்றது மோகன் பகான் கழகம். 1889இல் தோன்றிய இக்கழகமே, 1911இல் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவின் அணியை 2–1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைக்கொண்டது. அன்று அதன் ஆட்டக்காரருள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலோடு ஆடினர். ஆனால் 1977இல் அதன் நிலை பெருமிதத்திற்குரியதாக இல்லை. கல்கத்தா லீக் வாகையை ஈஸ்ட் பெங்காலிடம் அது இழந்திருந்தது. உள்ளூர்ப் போட்டியாளரிடம் பின்தங்கிய அணி, உலகறிந்த ஆட்டக்காரர்முன் நிற்கவேண்டியிருந்தது.

ஈடன் தோட்டம் உண்மையில் கிரிக்கெட் மைதானம். ஆட்டத்துக்கு முன் பெய்த மழையால் தரை சேறுபட்டிருந்தது. சேற்றில் பந்து எதிர்பார்த்தவாறு உருளாது. விரைந்து திரும்பும் கால் வழுக்கும். நுட்பமாக ஆடுவார்க்கே இதனால் இடர் மிகுதி. பெலேக்கோ அகவை 36. ஓய்வும் அணிமையில் இருந்தது.

மோகன் பகானின் பயிற்சியாளர் பி. கே. பானர்ஜி, 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியை நடத்தியவர். பெலேயை நிழல்போல் தொடரும் பொறுப்பைக் கௌதம் சர்க்கார் ஏற்றார். கோல் காவலர் சிவாஜி பானர்ஜி, பெலேயின் கால்களுக்கு முன்னரே பாய்ந்து பந்தைத் தழுவிக்கொண்டார். எட்டி உதைக்க ஓங்கிய காலின்முன் தலையை நீட்டுவது எத்துணைத் துணிவான செயல் என்பது, ஆடிப் பார்த்தவர்க்கே விளங்கும்.

முதற்கோலைக் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ அடித்தார். கூட்டம் வாடுமுன்னரே சியாம் தாப்பா அதனைச் சமன்செய்தார். பின்னர் ஐதராபாத்தைச் சேர்ந்த முகமது அபீப் இரண்டாம் கோலை அடிக்க, மோகன் பகான் முந்தியது. பிற்பாதியில் நடுவர் காஸ்மாஸுக்குப் பெனால்டி வழங்கினார். கோலுக்கு 12 கெச தூரத்தில் பந்தை வைத்து, காவலர் ஒருவர் மட்டும் எதிர்நிற்க உதைக்கும் உரிமை அது. கினாலியா தவறவிடவில்லை. ஆட்டம் 2–2 என முடிந்தது. அப்பெனால்டி முறையானதன்று என்று கூறுவார் வங்கத்தில் பலர்.

ஒரு வாரங்கழித்து, அக்டோபர் முதல் நாள், காஸ்மாஸும் தம் பழைய சாண்டோஸ் கழகமும் எதிர்நின்ற ஆட்டத்தில் இருபக்கத்திற்கும் ஒவ்வொரு பாதி ஆடிப் பெலே விடைபெற்றார். லீக்கை இழந்த மோகன் பகானோ, அப்பருவத்திலேயே ஐ.எஃப்.ஏ. கேடயம், டூரண்டு கோப்பை, ரோவர்ஸ் கோப்பை ஆகிய மூன்றையும் ஒருங்கே வென்றது. அதற்குமுன் எந்த இந்தியக் கழகமும் அதனைச் செய்ததில்லை.