ஏட்டுச் செல்வமும் மின்னேட்டுச் செல்வமும்



நூலகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன அடுக்கடுக்காய் நூல்கள் நிறைந்த நிலைப்பேழைகளும், அமைதி தவழும் நீண்ட கூடமும், குனிந்த தலைகளுமே ஆகும். அந்நூல்களுள் எதை வாங்குவது, எதை விடுப்பது, வாங்கியதை எங்கே வைப்பது, எவ்வாறு காப்பது என்று முடிவு செய்தவர் யார் என எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இக்காலத்தில் அந்நிலைப்பேழைகளோடு கண்ணுக்குப் புலனாகாத மற்றொரு பேழையும் சேர்ந்துள்ளது. மின்னூல்களும் மின்னிதழ்களும் நிறைந்த பேழை அது. ஒரு பல்கலைக்கழக நூலகம் இவ்விருவகைச் செல்வத்தையும் எவ்வாறு தேடுகிறது, எவ்வாறு பேணுகிறது என்பது பற்றிச் சில செய்திகளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

மதுரைக்கு இது புதிய கவலை அன்று. பாலவநத்தம் குறுநில மன்னராகிய பாண்டித்துரைத் தேவர் ஒருமுறை மதுரைக்கு வந்தபோது, சொற்பொழிவுக்கு வேண்டிய திருக்குறளும் கம்பராமாயணமும் எளிதில் கிடைக்கவில்லை என்றும், அந்த வருத்தமே ஒரு சங்கம் காண அவரைத் தூண்டியது என்றும் சொல்வர். 1901-ஆம் ஆண்டில் அவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதனோடு பாண்டியன் புத்தகசாலை என்னும் நூல் நிலையமும் எழுந்தது. சங்கம், நூல் நிலையம், 'செந்தமிழ்' இதழ் ஆகியவற்றை அவர் ஒரே திட்டத்தின் உறுப்புகளாகக் கண்டார். நூல் இல்லாத இடத்தில் கல்வி நில்லாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நூல்களைச் சேர்ப்பது ஒரு பணி. சேர்த்தவற்றைப் பயன்படச் செய்வது மற்றொரு பணி. இவ்விரண்டாம் பணிக்கு இலக்கணம் வகுத்தவர் நம் தமிழ்நாட்டவரே. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகக் கல்வியின் அரிச்சுவடியாக விளங்குகின்றன. பூட்டி வைப்பதற்கன்றிப் பயன்படுவதற்கே நூல் என்பது முதல் விதியின் கருத்து. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிட்ட வேண்டும்; நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும்; வாசகரின் காலம் வீணாகலாகாது; நூலகமோ உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டே இருப்பது. இவையே ஏனைய நான்கின் கருத்துகள். 1933-இல் கோலன் பகுப்புமுறையையும் அவர் உலகுக்கு அளித்தார்.

இனி, நம் பகுதிப் பல்கலைக்கழகத்தை நோக்குவோம். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியது. பன்மொழிப் புலவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தர். 1978-இல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்றது. நாகமலையின் அருகே பல்கலை நகரில் உள்ள அதன் நூலகம் அம்முதல் துணைவேந்தரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய நூலகத்தில் ஒரு நூல் உங்கள் கைக்கு வருமுன் பல படிகளைக் கடக்கிறது. முதலாவது தேர்வு. துறைப் பேராசிரியர்கள் பரிந்துரைப்பார்கள், நிதி அளவுபட்டது, ஆகவே எதைத் தள்ளுவது என்பதே கடினமான வினா. இரண்டாவது பதிவு. நூல் சேர்க்கைப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் கிடைக்கும். மூன்றாவது பகுப்பு; பொருளுக்கேற்ப இடம் குறித்தல். நான்காவது பட்டியலிடல். ஐந்தாவது ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்த்தல். ஆறாவதாக, பழுதுற்றவற்றையும் காலங்கடந்தவற்றையும் கழித்தல். நான் தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில், கோடை விடுமுறைக்கு முன் பள்ளி நூலகத்தைச் சரிபார்க்கும் நாள்களில் மாணவர்களை உடன் வைத்துக்கொள்வது என் வழக்கம். ஒருவன் எண்ணைப் படிப்பான். மற்றொருவன் நூலைத் தேடுவான். இடம் மாறி வைக்கப்பட்ட நூல் தொலைந்த நூலுக்கு ஒப்பானது என்பதை அவர்கள் அந்நாள்களில் நேரிற் கண்டு கற்றனர். அந்தப் பாடம் மின்னூலுக்கும் பொருந்தும்.

அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு தாளில் இல்லை, உரிமையில் இருக்கிறது. அச்சு நூலை வாங்குவது சொந்த வீடு வாங்குவது போன்றது. வீட்டை விற்றவர் பின்னொரு நாள் வந்து, வெளியேறுக என்று சொல்ல இயலாது. மின்னிதழுக்குச் சந்தா செலுத்துவதோ பெரும்பாலும் வாடகை வீட்டிற் குடியிருப்பது போன்றது. வாடகை நின்றால் கதவு அடைபடும். பத்தாண்டுகள் பணம் செலுத்திய பின்னும், உடன்படிக்கையில் நிலையான உரிமை எழுதப்படவில்லையாயின், பழைய இதழ்களும் கண்ணுக்கு மறைந்துவிடலாம். 2009-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களின் சில மின்பதிப்புகளை, விற்றவருக்கு அதற்குரிய உரிமை இல்லை என்ற காரணத்தால், வாங்கியோரின் படிக்கும் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனம் பின்னர் வருத்தமும் தெரிவித்தது. ஆயினும், தம் அலமாரியிலிருந்த நூல் இரவோடிரவாக மறைந்த வியப்பு வாசகர்க்கு நீங்கவில்லை. அவற்றுள் ஒன்று '1984' என்பது கருதத்தக்கது. அரசு பழைய ஏடுகளைத் திருத்தியும் அழித்தும் வரலாற்றை மாற்றுவதைக் கூறும் கதை அது.

ஆகவே மின்வளங்களை ஆளும் நூலகர் பாதி அறிஞராகவும் பாதி வழக்கறிஞராகவும் இருக்க வேண்டியவராகிறார். சந்தா முடிந்த பின்னும் படிக்கலாமா, மாணவர் வீட்டிலிருந்து படிக்கலாமா, பிற நூலகத்துக்குப் படி அனுப்பலாமா, ஆண்டுதோறும் விலை எவ்வளவு உயரும் என்பன போன்ற வினாக்களை அவர் கையொப்பத்துக்கு முன் கேட்க வேண்டும்.

தனித்தனி நூலகங்கள் பெரிய பதிப்பாளருடன் விலை பேசுவது எளிதன்று. இது கருதியே கூட்டுமுறை தோன்றியது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் பல பல்கலைக்கழகங்களின் சார்பில் மின்னிதழ்களைப் பெற்றுத் தரும் பணியை மேற்கொண்டது. அதன் வளர்ச்சியாக, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. முப்பது பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, மத்திய மாநில அரசுகளைச் சார்ந்த 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் படிக்க வழிசெய்யும் இத்திட்டத்துக்கு, 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சிற்றூர்க் கல்லூரியும் பெருநகர ஆராய்ச்சிக்கூடமும் ஒரே இதழைப் படிக்கலாம் என்பது பெரும்பேறு. ஆனால் இதுவும் கால வரம்புடைய சந்தாவே என்பதை மறத்தலாகாது.

வாசகர் நிலையையும் எண்ணுவோம். மின்னிதழ் வழங்குவோர் பொதுவாகப் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியைக் கண்டே கதவைத் திறக்கின்றனர். வளாகத்தில் இருப்போருக்குத் தடையில்லை. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ உள்ள தன் வீட்டில் அமர்ந்து படிக்க முயலும் மாணவிக்கு அதே கதவு அடைபட்டுத் தோன்றும். அவள் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு நுழையத்தக்க தனிவழியை நூலகம் அமைத்துத் தர வேண்டும். அமைத்தபின் அதை அவளுக்குக் கற்பிக்கவும் வேண்டும். வாங்கிய இதழ் வாசகரை அடையவில்லையேல் அரங்கநாதன் விதி பொய்த்துப்போகும்.

இனி, காத்தலைப் பற்றிச் சொல்வேன். ஓலைச்சுவடியைக் கறையானும் ஈரமும் அரித்தன. நம் முன்னோர் அதற்குக் கண்ட மருந்து, பழுதுறுமுன் புதிய ஓலையிற் படியெடுப்பதே ஆகும். படியெடுப்பார் இன்றி அழிந்த நூல்கள் எத்தனையோ. மின்னேடும் இதற்கு விலக்கன்று. அதைக் கறையான் அரிப்பதில்லை. ஆனால் கருவி மாறினால் அது படிக்க இயலாததாகிவிடுகிறது. கணிப்பொறியில் தமிழ் புகுந்த தொடக்கக் காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் எழுதியது, அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற கோடுகளாய்த் தோன்றும். பின்னர் 'தஸ்கி' என்னும் பொதுக்குறியீடு வந்தது. அதன்பின் ஒருங்குறி நிலைபெற்றது. அப்போதைக்கப்போது மாற்றி எழுதப்பட்ட கோப்புகள் பிழைத்தன; கவனிப்பாரற்றவை ஊமையாயின.

இவ்வுண்மைக்கு நம் ஊரின் பெயரைத் தாங்கிய முயற்சி ஒன்றே சான்று. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 'மதுரைத் திட்டம்' என்னும் பணியைத் தொடங்கினர். உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் மெய்ப்புத் திருத்தியும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றினர். குறியீடு மாறியபோது கோப்புகளையும் மாற்றினர். சங்கம் இருந்த ஊரின் பெயரைத் தம் பணிக்குச் சூட்டியது பொருத்தமே.

ஒரே இடத்தில் ஒரே படி இருப்பது எவ்வளவு அபாயகரமானது என்பதற்கு யாழ்ப்பாணப் பொதுநூலகம் துயரமான சான்றாகும். 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி அது தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சு நூல்களை மீண்டும் தேடலாம். வேறு படியில்லாச் சுவடியை எங்கே தேடுவது? பல படிகள், பல இடங்கள் என்பதே ஓலைக் காலத்துக்கும் மின்காலத்துக்கும் பொதுவான காப்பு.

பட்டியலிடுதலில் தமிழ் நூலகங்களுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. உ. வே. சாமிநாதையரின் பெயரை ஒருவர் சாமிநாத ஐயர் என்றும், மற்றொருவர் சுவாமிநாதையர் என்றும், வேறொருவர் முதலெழுத்துகளை விடுத்தும் எழுதுவர். நூலகர் தம் அறிவால் அனைத்தையும் ஓரிடத்துச் சேர்ப்பார். கணிப்பொறியோ, சொல்லிக் கொடுத்தாலன்றி அவரை மூவராகவே கருதும். ஆகவே எல்லா வடிவங்களையும் ஒரு பெயரின்கீழ்க் கட்டும் நுண்பணி வேண்டும். நூலை ஒளிப்படமாய் எடுத்தால் மட்டும் போதாது; அதன் பெயரும் ஆசிரியரும் ஆண்டும் பொருளும் செவ்வையாகக் குறிக்கப்படாத ஒளிப்படம், இடம் மாறிய நூலுக்கு ஒப்பாகும்.

இவ்வளவும் சொன்னபின், நம் பகுதி நூலகத்துக்குரிய தனிக்கடமை எது என்னும் வினா எழுகிறது. வெளிநாட்டு ஆய்விதழை மதுரை காக்காவிடினும் வேறு நூறு நூலகங்கள் காக்கும். மதுரை நாடகக் குழுக்களின் அறிக்கைகள், வைகைக் கரை ஊர்களின் கோயில் வரலாறுகள், சில இதழ்களோடு நின்றுபோன சிற்றேடுகள், இங்கு எழுதப்பட்ட ஆய்வேடுகள் ஆகியவற்றை மதுரை காக்காவிடின் வேறு யார் காப்பார்? ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' என்னும் பொதுக் களஞ்சியம் உண்டு. ஏனையவற்றுக்கு உள்ளூர் நூலகமே புகலிடம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனிமனிதராய்ச் சேர்த்த அச்சுச் செல்வம், அவர் மறைந்தபின் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று என்பதை நினைவிற் கொள்க. பிறர் வேண்டாமென ஒதுக்கிய துண்டறிக்கையும் நாளைய வரலாற்றுக்குச் சான்றாகலாம்.

மாணவச் செல்வங்களே! 2023 சூலையில் மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டுவிட்டது. நூலுக்குப் பஞ்சம் என்று நீங்கள் சொல்ல வழியில்லை. நூலை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லி உதவியாளரிடம் கொடுங்கள். மின்னிதழைத் தேடும் வழியை நூலகரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஏடோ மலரோ இருப்பின், பழைய தாள் வாங்குவோரிடம் போடுமுன் ஒரு நூலகரிடம் காட்டுங்கள். இவை சிறு செயல்களே. ஆயினும் ஒரு நூலகம் வளர்வதும் தேய்வதும் இத்தகைய சிறு செயல்களாலேதான்.