உங்களுக்குத் தெரியுமா? மலேசியாவில் ஜூரி போனது, அமெரிக்காவில் ஜூரி சங்கமே இருக்கிறது!

● மலேசியாவின் சுங்கை காடுட்டில் ஒரு கொலை நடந்து, அந்த வழக்கு சிரம்பான் உயர்நீதிமன்றத்துக்கு வந்தால், இன்று நீதிபதி மட்டுமே தீர்ப்பளிப்பார். பொதுமக்கள் குழு தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறை மலேசியாவில் 1995 ஜனவரி 1 முதல் கிடையாது.

● நாட்டின் கடைசி ஜூரி வழக்குகளில் ஒன்று, தெமர்லோவில் நடந்த மோனா ஃபென்டி மீதான கொலை வழக்கு. ஏழு ஜூரிகளும் ஒருமனதாகக் குற்றவாளி என்றனர்.

● இலங்கை உயர்நீதிமன்றங்களில் இன்றும் தமிழ் பேசும் ஜூரிகள் உண்டு.

● அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 58 மாவட்டங்களிலும் ‘கிராண்ட் ஜூரி’ இயங்குகிறது. உள்ளூர் நிர்வாகத்தைத் துருவி ஆராய்ந்து அறிக்கை தருவது அதன் வேலை. பதவிக்காலம் முடிந்தவர்கள் சங்கம் அமைத்துப் புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். பழைய பரிந்துரைகள் நிறைவேறினவா என்றும் விடாமல் கேட்கிறார்கள்!