அலபாமாவின் இரும்புப் பந்தயம்

34 டாலருக்காக 41 வருஷம் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்த இரண்டு கலாசாலைகளின் கதையை நேயர்கள் அறிவார்களா? கற்றறிந்தவர்கள் கூடும் இடங்களில் இப்படியும் நடக்குமா என்று கேட்க வேண்டாம். கற்றறிந்தவர்கள் கூடும் இடங்களில்தான் இப்படி நடக்கும்.

அமெரிக்காவின் தென் பகுதியில் அலபாமா என்று ஒரு மாகாணம். அதன் மேற்கே டஸ்கலூஸா என்னும் ஊரில் அலபாமா சர்வகலாசாலை இருக்கிறது. 1831-ல் திறக்கப்பட்டது. வக்கீல்களும் வைத்தியர்களும் சட்டசபை அங்கத்தினர்களும் அங்கேதான் உற்பத்தியானார்கள். கிழக்கே ஆபர்ன் என்னும் சிற்றூரில் மற்றொரு கலாசாலை. விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்பிப்பதற்காக 1872-ல் சர்க்கார் ஆதரவு பெற்றது அது. "மாட்டுக் கலாசாலை" என்று டஸ்கலூஸாக்காரர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். பதிலுக்கு, கையில் காய்ப்பு ஏறாத சீமான் வீட்டுப் பிள்ளைகள் என்று ஆபர்ன்காரர்கள் இவர்களைச் சொன்னார்கள். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 150 மைல் தூரம். மனத்துக்கும் மனத்துக்கும் இடையே இருந்த தூரத்தை எந்த மைல்கல்லும் காட்டவில்லை.

இவ்விரு கலாசாலைகளும் முதன்முதலாகக் கால்பந்து ஆடியது 1893 பிப்ரவரி 22-ல், பர்மிங்ஹாம் நகரில். 32-க்கு 22 என்று ஆபர்ன் ஜயித்தது. இங்கே நேயர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. கோழி முட்டையைப் போல் நீண்ட பந்தைக் கையால் பற்றி, மார்போடு அணைத்துக் கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவதுமே அதில் பெரும் பகுதி. பந்து காலில் படுவது அபூர்வம். இதற்குக் கால்பந்து என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று கேட்டால், அந்த ஊரில் யாருக்கும் அந்தக் கேள்வியே புரியாது.

1907-ல் ஆட்டம் 6-க்கு 6 என்று சமமாக முடிந்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு ஏற்பாடு செய்யும்போது வழக்குக் கிளம்பிற்று. ஆட்டக்காரர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று டாலரா, மூன்றரை டாலரா? 20 பேருக்கா, 22 பேருக்கா? மத்தியஸ்தர் எந்தப் பிரதேசத்திலிருந்து வரவேண்டும்? கூட்டிக் கழித்துப் பார்த்தால் பண வித்தியாசம் மொத்தம் 34 டாலர். இரு பக்கமும் விட்டுக் கொடுக்கவில்லை. பந்தயம் நின்றுவிட்டது. ஓர் உலக யுத்தம் வந்து போயிற்று. இரண்டாவதும் வந்து போயிற்று. இவர்களுடைய கோபம் மட்டும் போகவில்லை. கடைசியில் மாகாணச் சட்டசபையே 1947-ல் தலையிட்டுத் தீர்மானம் செய்ய வேண்டியதாயிற்று. மறு வருஷம் இரு கலாசாலைத் தலைவர்களும் பேசி ராஜி செய்து கொண்டார்கள். 1948 டிசம்பரில், பந்தயத்தன்று காலை, பர்மிங்ஹாம் பூங்கா ஒன்றில் குழி தோண்டி, இரு கலாசாலை மாணவர் தலைவர்களும் சேர்ந்து ஒரு கோடாரியைப் புதைத்தார்கள். சமாதானம் செய்துகொள்ளும்போது ஆயுதத்தை மண்ணுக்குள் புதைப்பது அமெரிக்கப் பழங்குடிகளின் வழக்கம். அன்று பிற்பகல் 55-க்கு 0 என்று அலபாமா ஆபர்னைத் தோற்கடித்தது. கோடாரியை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் புதைத்திருக்கலாம்.

பர்மிங்ஹாம் இரும்பு உருக்கும் ஊராகையால் பந்தயத்துக்கு இரும்புப் பந்தயம் என்று பெயர் நிலைத்தது. பல்லாண்டு அங்கேயே நடந்து வந்தது. 1989-ல்தான் ஆபர்னின் சொந்த மைதானத்துக்கு முதன்முதலாக வந்தது. அன்று அந்தச் சிற்றூர்க் கிழவர்கள் கண்ணீர் விட்டார்களென்றால் நாம் வியப்பதற்கில்லை. மாட்டுக் கலாசாலை என்று இகழப்பட்டவர்களின் வாசலுக்கு எதிரி வந்து நின்ற நாள் அல்லவா அது? ஆபர்ன் 30-க்கு 20 என்று ஜயித்தது.

ஆட்டத்தை விட ஆட்டத்துக்கு முன் நடக்கும் வைபவமே பார்க்கத் தகுந்தது. வண்டியின் பின்பக்கத்துப் பலகையைக் கீழே இறக்கினால் அது ஒரு மேஜையாகிறது. அதன்மேல் பதார்த்தங்களைப் பரப்பி, வந்தவர்களுக்கெல்லாம் படைப்பதால் இதற்கு டெயில்கேட்டிங் என்று பெயர். பந்தயம் நவம்பர்க் கடைசியில் ஒரு சனிக்கிழமை. வியாழக்கிழமையே படுக்கையும் அடுப்பும் உள்ள பெரிய வீட்டு வண்டிகள் வந்து இறங்கத் தொடங்கிவிடுகின்றன. வெள்ளிக்கிழமை இரவு கூடாரங்கள் எழும்புகின்றன. டஸ்கலூஸாவில் புத்தகசாலைக்கு எதிரே பரந்து கிடக்கும் புல்வெளி முழுவதும், டென்னி மணிக்கூண்டின் நிழல் வரையில், சிவப்பும் வெள்ளையுமான கூடாரங்கள். ஆபர்னில் அதே காட்சி ஆரஞ்சு நிறத்திலும் கருநீலத்திலும்.

இரவு முழுவதும் ஒருவர் கண் விழித்து, புகையும் கட்டைகளின் மேல் பன்றி இறைச்சியைப் பதமாக வேக வைக்கிறார். இது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் பொறுப்பு. வருஷம் முழுவதும் அடுக்களைப் பக்கம் எட்டிப் பாராத கனவான்கள் அன்று மட்டும் கரண்டியும் கையுமாக நின்று, தம்முடைய மசாலைக் குழம்பின் ரகசியத்தைப் பெற்ற தாய்க்கும் சொல்ல மறுக்கிறார்கள். பொரித்த கோழி, உருளைக்கிழங்குக் கலவை, மஞ்சட் கருவை மசித்து மீண்டும் நிரப்பிய முட்டை, உப்பு நீரில் அவித்த வேர்க்கடலை, பல்லெல்லாம் கூசும்படி சர்க்கரை போட்டுக் குளிரவைத்த தேநீர், எல்லாம் வரிசையாக வருகின்றன. மதுவும் உண்டு, அதை மறைத்து எழுதிப் பயனில்லை. குழந்தைகள் சாய்ந்த பலகையிலுள்ள துவாரத்தில் சோளப் பைகளை எறிந்து விளையாடுகிறார்கள். எதிரிக் கலாசாலையின் நிறம் உடுத்தியவன் அந்த வழியே போனால் முதலில் ஒரு கேலிச் சொல்லும், அடுத்தாற்போல் ஒரு தட்டு நிறையச் சாப்பாடும் கிடைக்கும். கூடாரத்துக்கு வந்தவனைப் பட்டினியாக அனுப்புவது தென்னாட்டு அமெரிக்கருக்கு மானக்கேடு.

ஆபர்ன் அணியின் சின்னம் புலி. ஆனால் அவர்களுடைய போர்முழக்கம் கழுகைப் பற்றியது. ஆட்டத்துக்கு முன் உண்மையான கழுகு ஒன்று உச்சிப் படிக்கட்டிலிருந்து பறக்கவிடப்பட்டு, எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களின் தலைக்கு மேலே வட்டமிட்டு, மைதானத்தின் நடுவில் வந்து இறங்குகிறது. அது இறங்கும் வரையில் கூட்டம் ஒரே சொல்லை நீட்டிக்கொண்டே போகிறது. அலபாமாக்காரர்களோ தங்களைச் செந்நிற அலை என்று அழைத்துக் கொள்கிறார்கள். சின்னம் யானை. டஸ்கலூஸாவிலிருந்து கடல் வெகுதூரம். யானை அதைவிடத் தூரம்.

அந்த மாகாணத்தில் சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணி எதுவும் கிடையாது. ஆகையால் குழந்தை பிறந்ததும் எந்தப் பக்கம் என்பது நிச்சயமாகிவிடுகிறது. கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமான குடும்பங்கள் வாசலில் பாதிக்குப் பாதி இரண்டு நிறமும் சேர்ந்த கொடியைப் பறக்கவிடுகின்றன.

இவ்வளவு கோலாகலத்தினிடையே ஒன்றை மறந்துவிடலாகாது. 1948-ல் கோடாரி புதைத்தபோது இரண்டு அணியிலும் ஒரு கறுப்பர் கூட இல்லை. கலாசாலைக்குள்ளேயே அவர்களுக்கு இடமில்லை. 1963 ஜூன் 11-ந் தேதி, இரண்டு கறுப்பு மாணவர்கள் டஸ்கலூஸாவில் பதிவு செய்துகொள்ள வந்தபோது, மாகாண கவர்னர் ஜார்ஜ் வாலஸ் தாமே வாசற்படியில் நின்று மறித்தார். ஐக்கிய நாட்டு ஜனாதிபதியின் அதிகாரம் வந்த பிறகே விலகினார். அடுத்த ஜனவரியில் ஆபர்ன் ஒரு கறுப்பரைச் சேர்த்துக் கொண்டது. ஆபர்ன் 1969-லும், அலபாமா 1970-லுமாக உதவிச் சம்பளம் கொடுத்துக் கறுப்பு ஆட்டக்காரரை எடுத்துக் கொண்டன. இன்று இரு அணிகளிலும் பெரும்பாலோர் அவர்களே. அலபாமாவின் பயிற்சியாளர் நிக் ஸேபன், 2024 ஜனவரியில் ஓய்வு பெறுவதற்கு முன், ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் சம்பளம் பெற்றார். ஆடி எலும்பு முறிந்த வாலிபர்களுக்கோ படிப்புச் செலவும் சாப்பாடும் தங்குமிடமுமே கிடைத்து வந்தன. 2021 ஜூலையிலிருந்து தம் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் சம்பாதிக்க அனுமதி பெற்றார்கள். கலாசாலைகளே நேராகப் பணம் கொடுக்கலாமென்று ஏற்பட்டது 2025-ல்தான். சாப்பாட்டுச் செலவில் தகராறு செய்து 41 வருஷம் நின்ற பந்தயத்தில் கூலித் தகராறு தீர இத்தனை காலம் பிடித்தது.

இனி மரங்களின் கதை. ஆபர்னில் டூமர் மருந்துக்கடை என்று ஒன்று உண்டு. எலுமிச்சை ரஸத்துக்குப் பேர்போனது. அதன் எதிரே, கலாசாலை வாயிலில், இரண்டு பெரிய ஓக் மரங்கள் நின்றன. பழங்காலத்தில் வெளியூர்ப் பந்தயத்தின் முடிவு தந்தி மூலம் மருந்துக்கடைக்கு வரும். ஜயமென்றால் கடைச் சிப்பந்திகள் தந்திக் காகித நாடாவைத் தெருக் கம்பிகளின் மேல் வீசுவார்கள் என்று சொல்லுகிறார்கள். பிற்பாடு காகிதச் சுருள்களை மரங்களின் மேலே எறிவது வழக்கமாயிற்று. ஜயித்த இரவில் மரங்கள் பனி பெய்தாற்போல் வெளுத்து நிற்கும்.

2010-ல் டஸ்கலூஸாவில் நடந்த பந்தயத்தில் 24-க்கு 0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன், 28-க்கு 27 என்று ஜயித்தது. இது பொறுக்காத அலபாமா ரஸிகர் ஒருவர் ஆபர்னுக்குப் போய் மரங்களின் வேரில் கடும் விஷத்தை ஊற்றினார். 2011 ஜனவரி 27-ல் வானொலி நிலையமொன்றுக்கு டெலிபோன் செய்து, தாமே அதைப் பெருமையாகச் சொல்லிக் கொண்டார். பிறகு சிறை சென்றார். அலபாமா ரஸிகர்கள் வெட்கித் தலை குனிந்தார்கள். தங்களுக்குள் பணம் சேர்த்து, எதிரியின் மரங்களைக் காப்பாற்ற அனுப்பினார்கள்.

சரியாக மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 27-ந் தேதி, டஸ்கலூஸாவைச் சூறாவளி தாக்கிற்று. அந்த ஒரு சூறாவளியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீதி வீதியாக வீடுகள் தரைமட்டமாயின. அப்போது லாரி லாரியாகத் தண்ணீரும் துணியும் மருந்தும் அனுப்பியவர்களில் ஆபர்ன் ரஸிகர்கள் முன்னின்றார்கள். தங்கள் முயற்சிக்கு அவர்கள் இட்ட பெயர், "டஸ்கலூஸாவுக்காக டூமர்" என்பது. மரத்துக்கு விஷமிட்டவன் ஊர் எது என்று அவர்கள் அன்று கேட்கவில்லை.

மரங்கள் பிழைக்கவில்லை. 2013 ஏப்ரலில் வெட்டி எடுக்கப்பட்டன. அந்த வருஷம் நவம்பர் 30-ல் ஆபர்னில் பந்தயம். 28-க்கு 28. ஒரே ஒரு விநாடி பாக்கி. அலபாமா 57 கெஜ தூரத்திலிருந்து பந்தைக் கம்பத்துக்குள் உதைத்தது. பந்து போதிய தூரம் போகவில்லை. எல்லைக் கோட்டுக்கும் பின்னால் நின்ற கிறிஸ் டேவிஸ் என்ற ஆபர்ன் வாலிபர் அதைப் பிடித்து, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் ஒரே ஓட்டமாக ஓடினார். 34-க்கு 28.

ஜனங்கள் காகிதச் சுருள்களோடு டூமர் முனைக்கு ஓடினார்கள். மரம் நின்ற இடத்தில் மரம் இல்லை. கலாசாலையார் கம்பங்கள் நட்டு, பழைய தந்திக் காலத்தைப் போலக் கம்பிகள் கட்டியிருந்தார்கள். அன்றிரவு காகிதங்கள் அந்தக் கம்பிகளின் மேலேயே விழுந்தன.