முழங்கால் குருத்தெலும்பும் ஒட்டு வைத்தியமும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல வானவியலைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்தவனுக்கு அதுதான் கைவந்த சரக்கு. ஆனால் சென்ற ஆண்டு நடந்த ஒரு சம்பவம் என்னை முழங்கால் பக்கம் திருப்பிவிட்டது.

என் பழைய மாணவி ஒருத்தி வீட்டில் இட்லி வியாபாரம். விடியுமுன் அடுப்பைப் பற்றவைத்தால், ஆறு மணிக்கு மகன் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா பக்கம் கிளம்பிவிடுவான். வயது 22. ஞாயிறு தவறாமல் கபடி. அப்படி ஒரு ஆட்டத்தில் கால் பிசகி, முழங்கால் சில்லு விலகிவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், தொடை எலும்பின் நுனியில் குருத்தெலும்பு ஒரு துண்டு, அடியிலிருந்த எலும்போடு சேர்ந்து பெயர்ந்து கிடந்தது.

அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். "சார், ஒட்டு வைக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு. பள்ளம் ஆழமா இருந்தா பேங்க் எலும்பு வச்சு அடைப்பாங்களாம். செத்த ஆளு எலும்பு சார்! எம் பிள்ளை உடம்புல அது எப்படிச் சேரும்? பக்கத்து வீட்டுல, ஒரே ஊசியில மூட்டு வளந்துரும்னு சொல்லுதாங்க. இன்னொருத்தர் மூட்டையே மாத்திரச் சொல்லுதாரு."

மகனோ, "அம்மா சரின்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று உட்கார்ந்துவிட்டான். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் அந்த டாக்டரிடமே போய்க் கேட்டும், நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதை அவளுக்குச் சொன்னேன். அதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஏன் தானாக ஆறுவதில்லை?

கை எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு வைத்தால் கூடிவிடுகிறது. காரணம், எலும்பில் ரத்த ஓட்டம் உண்டு. ஆனால் மூட்டுக்குள் எலும்பு நுனியைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு வேறு ஜாதி. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கனம்தான். இளநீர் வழுக்கை மாதிரி வெண்மை, வழவழப்பு. அதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டு நீரிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. ரத்தம் வராத இடத்துக்குப் பழுது பார்க்க ஆள் எப்படி வரும்? குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் திரும்ப வருவதில்லை என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743-லேயே எழுதிவைத்தார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வைத்தியர்களால் அதிகம் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்று வழிகள்

முதல் வழி, துளை போடுவது. பழுதான இடத்தைச் சுத்தம் செய்து, அடியிலுள்ள எலும்பில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் சின்னச் சின்னத் துளை போடுகிறார்கள். மஜ்ஜை ரத்தம் கசிந்து உறைந்து, மெல்ல மெல்ல ஒரு புதுப் பூச்சு உண்டாகிறது. 1980-களில் அமெரிக்க மருத்துவர் ஸ்டெட்மன் பரப்பிய முறை இது. செலவு குறைவு. ஆனால் இப்படி வருவது அசல் குருத்தெலும்பு அல்ல, தழும்பு போன்ற நார்ப் பூச்சு, நாளடைவில் தேயலாம். சிறிய பழுதுக்குத்தான் இது சரி.

இரண்டாவது, மொசைக் முறை. 1992-இல் ஹங்கேரி மருத்துவர் லாஸ்லோ ஹங்கோடி செய்யத் தொடங்கியது. மூட்டில் பாரம் அதிகம் விழாத ஓரத்திலிருந்து, மேலே குருத்தெலும்பும் கீழே எலும்புமாக, பென்சில் துண்டு போன்ற முளைகளை எடுத்துப் பள்ளத்தில் வரிசையாக அடித்து இறக்குகிறார்கள். மாட்டுங்காவின் பழைய வீடுகளில் மொசைக் தரை பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். தன் காலிலிருந்தே எடுத்த அசல் சரக்கு. ஆனால் எடுக்கிற ஓரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு சுவரை இடித்தா இன்னொரு சுவரைக் கட்டுவது?

மூன்றாவது, செல் வளர்ப்பு. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பர்க் குழுவினர் 1987-இல் மனிதரிடம் முதன்முதலில் செய்தார்கள். பச்சரிசி அளவு குருத்தெலும்பைக் கிள்ளி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சில வாரம் வளர்த்துப் பெருக்கி, இரண்டாவது ஆபரேஷனில் பள்ளத்தில் வைக்கிறார்கள். நாற்றங்காலில் விதைத்துப் பிறகு வயலில் நடுவதுபோல. 23 பேரின் முடிவை 1994-இல் வெளியிட்டார்கள். தொடை எலும்பு நுனியில் செய்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். சில்லின் உட்புறத்தில் செய்த 7 பேரில் 2 பேருக்குத்தான். ஒரே மூட்டுக்குள்ளேயே இடத்துக்கு இடம் இவ்வளவு வித்தியாசம்! நம் மும்பையைச் சேர்ந்த ரீக்ரோ பயோசயின்சஸ் நிறுவனம் இந்த வகைச் சிகிச்சைக்கு 2017-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி பெற்றது. செலவு கூடுதல்தான்.

அடித்தளம்: பேங்க் எலும்பு

தரை பெயர்ந்தால் ஓடு மாற்றினால் போதும். தரைக்கு அடியில் மண்ணே சரிந்திருந்தால்? முதலில் மண்ணை நிரப்ப வேண்டும். இந்தப் பையனின் நிலை அதுதான். சிறிய பள்ளத்துக்கு அவரவர் இடுப்பு எலும்பிலிருந்தே சுரண்டி எடுக்கலாம். ஆனால் அதற்கு இன்னொரு இடத்தில் வெட்ட வேண்டும், அந்த வலி தனி. அது போதாத இடத்தில் பிறர் தந்த எலும்பு உதவுகிறது.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பெருமை உண்டு. பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988-இல் தொடங்கியது. அஸ்ட்ரிட் லோபோ கஜிவாலா அம்மையார் அதைப் பல ஆண்டுகள் நடத்தி வளர்த்தார். எலும்பு தருபவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் உண்டா என்று சோதிக்கிறார்கள். எலும்பிலுள்ள ரத்தம், கொழுப்பை எல்லாம் கழுவி, உறையவைத்து உலர்த்தி, உறையிலிட்டு, கடைசியில் காமா கதிரால் கிருமி நீக்குகிறார்கள். மருத்துவப் பொருட்களைக் கதிரால் கிருமி நீக்க, செம்பூரை அடுத்த டிராம்பேயில் ஐசோமெட் நிலையம் 1974-இல் தொடங்கப்பட்டது. அணுசக்தி நகரில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தெரிந்த பெயர்தான்.

இத்தனைக்கும் பிறகு அந்த எலும்பில் உயிருள்ள செல் எதுவும் மிஞ்சாது. அதனால்தான் ரத்தப் பிரிவு பார்க்காமல்கூடப் பெரும்பாலும் வைக்க முடிகிறது. அது சாரம் மாதிரி. கட்டடம் எழுப்பச் சாரம் கட்டுகிறோம். கொத்தனார் அதில் ஏறி வேலை செய்கிறார். அப்படி அவரவர் எலும்புச் செல்கள் அந்தச் சாரத்தில் ஏறிப் புது எலும்பு கட்டுகின்றன. சாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். "அவன் உடம்புல கடைசியில நிக்கப் போறது அவன் எலும்புதாம்மா" என்றேன். அவள் பேசவில்லை.

யாருக்கு இது, யாருக்கு இல்லை?

ஒட்டு வைத்தியம் பெரும்பாலும் இளவயதினருக்கும் நடுவயதினருக்கும்தான். ஓரிடத்தில் மட்டும் பழுது, கால் நேராக இருக்க வேண்டும், மூட்டு நாண்கள் கெட்டியாக இருக்க வேண்டும். கால் வளைந்திருந்தாலோ நாண் அறுந்திருந்தாலோ அதையும் சரி செய்தாக வேண்டும். இல்லையென்றால் புது ஒட்டும் தேய்ந்துவிடும். அறுபது வயதில் மூட்டு முழுக்கத் தேய்ந்தவர்களுக்கு ஒட்டு பயன்படாது. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, முடியாதபோது மூட்டு மாற்று. அதே மாதிரி 22 வயதுப் பையனுக்கு மூட்டு மாற்று என்பது அவசரப்பட்டு வீட்டை இடிக்கிற கதை. ஊசி போட்டு மூட்டை வளர்ப்பதாக யாராவது சொன்னால், "இதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டின் அனுமதி உண்டா? எழுதிக் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின் பொறுமை வேண்டும். ஆறு வாரம், சில சமயம் அதற்கும் மேல், ஊன்றுகோல். காலில் பாரம் கூடாது. ஆனால் மூட்டை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த அசைவில்தான் அதற்குச் சாப்பாடு கிடைக்கிறது. நம் தாராவி வீடுகளில் மாடிக்கு இரும்பு ஏணிதான் படி. ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே கீழ்த்தளத்தில் படுக்கவும், குத்தவைக்காமல் கழிப்பறை போகவும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விளையாட்டுக்கு ஒரு வருஷம் ஆகலாம்.

ஒரு கையெழுத்து

அந்த நேரத்தில்தான் என் வீட்டம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். தேய்ந்த மூட்டை மாற்றும்போது தொடை எலும்பின் பந்து போன்ற தலையை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். "அதைத் திசு வங்கிக்குத் தர விருப்பமா?" என்று ஒரு படிவம் நீட்டினார்கள். "குப்பையில போறது யாருக்காவது உதவினா சரிதான்" என்று அவள் கையெழுத்துப் போட்டாள்.

பார்க்க வந்த என் மாணவியிடம் இதைச் சொன்னேன். "அப்போ, அது உசுரோட இருக்கிறவங்க குடுக்கிறதா சார்? நம்ம டீச்சர் வீட்டு ஆளு மாதிரி?" என்றாள். இறந்தவர்களும் தருகிறார்கள், இருப்பவர்களும் தருகிறார்கள் என்றேன். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் திசுக்களையும் சேர்த்துத் திருத்தினார்கள். சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது. அன்று இரவே மகன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அவனுக்கு மொசைக் முறையில் செய்தார்கள். அடியில் கொஞ்சம் பேங்க் எலும்பும் வைத்தார்கள். அந்த மாதங்களில் இட்லிப் பாத்திரத்தை அவன் அப்பா தள்ளிக்கொண்டு போனார். பாதி வாடிக்கை போய்விட்டது. இப்போது பத்து மாதம் ஆகிறது. சைக்கிள் மிதிக்கிறான், வாடிக்கையும் திரும்பி வருகிறது. கபடிக்கு டாக்டர் இன்னும் தலையாட்டவில்லை.

இடுப்பு மாற்று ஆபரேஷனுக்குப் போகும் நம் வீட்டுப் பெரியவர்கள், படிவம் கேட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம். "எங்க எலும்பு பேங்குக்கு உதவுமா?" என்று நாமே கேட்கலாம். நமக்கு வேண்டாத எலும்பு, யாரோ ஒரு பிள்ளை எழுந்து நடக்கச் சாரமாகும்.